கைவிட ஒரு குழி

ஒருவருக்கு உதவி செய்வதென்று இரஞ்சிதம் முடிவெடுத்துவிட்டால் அந்த ஆளுக்குத் தப்ப வழி கிடையாது. யாழ்ப்பாணத்தில் ரீச்சராக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். மெல்பேர்ணுக்குப் பக்கத்து டண்டினொங்குக்கு வந்து ஐந்து வருசம் ஆகியும், ரீச்சர் வேலை போய் அகதிகள் விடுதிக் குசினியில் மரக்கறி வெட்டும் வேலை வந்தும், அந்தக் குணம் மட்டும் குறையவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம், வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை, எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பாள். கேட்டவருக்கும் செய்வாள், கேளாதவருக்கும் செய்வாள். கேளாதவருக்குச் செய்ததுதான் இந்தக் கதை.

1979ஆம் ஆண்டு மாசி மாதம் விடுதிக்கு ஒரு சோடி வந்தது. வியட்நாம்காரர் என்றுதான் காகிதத்தில் இருந்தது. ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் மற்ற வியட்நாம்காரர் ஒருவரும் அவர்களுடைய மேசைப் பக்கம் போகவில்லை. இருவரும் நல்ல கறுப்பு. பெண்ணின் காதுத் துளைக்குள் ஒரு விரல் போகும். ஆணின் மேல்வரிசை முன்பற்கள் அரத்தால் அராவியது போல் மட்டமாக இருந்தன. விடுதி மனேஜர் இரஞ்சிதத்தைக் கூப்பிட்டு, நீ போய்ப் பேசிப் பார் என்றார். கறுப்பும் கறுப்பும் பேசினால் விளங்கும் என்பது அந்த வெள்ளைக்கார மனிதரின் சாஸ்திரம்.

சாஸ்திரம் எப்படியோ பலித்தது. அந்தப் பெண் ஹபியா, பிளெய்கு என்ற மலைநாட்டுப் பட்டணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரியில் புண் கழுவிக் கட்டுகிற வேலை செய்தவள். அதனால் இங்கிலீஷ் வந்தது. இரஞ்சிதத்திடம் ரீச்சர் இங்கிலீஷ் இருந்தது. இங்கே தமிழில் வருகிற அவர்களுடைய பேச்செல்லாம் அந்த இங்கிலீஷில் நடந்ததுதான்.

"நாங்கள் வியட்நாம்காரர் இல்லை. ஜராய்" என்றாள் ஹபியா. "மலையில் இருக்கிற சனம். கீழே இருக்கிறவர்கள் எங்களைக் காட்டுச் சாதி என்பார்கள். அதுதான் பக்கத்தில் வந்து இருக்கமாட்டார்கள்."

புருஷன் பெயர் தோன். அமெரிக்கர் பக்கம் நின்று சண்டை பிடித்தவன். அவர்கள் விட்டுவிட்டுப் போனபின் மூன்று வருசம் காட்டில் ஒளித்திருந்து, பிறகு கரைக்கு இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்த அன்றைக்கே படகில் ஏறியவன். மலேசிய முகாமிலிருந்தே அவனுக்கு இருமல். கடலைப் பற்றிக் கேட்டால் சிரிக்கமாட்டான். அதற்குள் எதையும் நட முடியாது, கட்ட முடியாது, அது ஒரு இடமே இல்லை என்று சொல்வான். ஹபியா அதை இங்கிலீஷில் சொல்லுவாள்.

ஒருநாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது கலியாணப் பேச்சு வந்தது. தங்களுடைய ஊரில் பெண்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவாள் என்றாள் ஹபியா. அவள் பித்தளை வளையல் ஒன்றைத் தோனிடம் கொடுத்தாளாம், அவன் வாங்கிக்கொண்டானாம், பிறகு அவளுடைய தாய் வீட்டுக்கு வந்து இருந்தானாம். பிள்ளைகள் தாயின் குலம். வீடு பெண்ணுக்கு.

"சீதனம்?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

"அது என்ன?"

மூன்று தங்கச்சிமாருக்குச் சீதனம் தேடித் தகப்பன் ஓடாய்த் தேய்ந்ததைப் பார்த்தவள் இரஞ்சிதம். அப்படியொரு சொல்லே இல்லாத சாதி உலகத்தில் இருக்கிறதா என்று கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஹபியா அவளுக்குத் தங்கச்சி. அக்கா என்று கூப்பிடப் பழக்கினாள். இருபத்தாறு வயசு, கரிக்கட்டையாய் மினுங்குகிற நீளத் தலைமுடி, சிரித்தால் கண் மூடிப்போகும். நகை நட்டு ஒன்றும் இல்லாமலே அந்தப் பிள்ளை வடிவாய் இருந்தாள்.

ஆடி மாதக் குளிரில் தோனின் இருமலில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் ஹபியாவுக்கும் காய்ச்சல் மூண்டது. காட்டிலிருந்து உடம்போடு கொண்டுவந்த மலேரியா. புருஷன் ஒரு வாட்டில், பெண்சாதி இன்னொரு வாட்டில். அவள் நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டு கிடந்த ஆறு நாளின் மூன்றாம் நாள் காலையில் தோன் செத்துப்போனான்.

ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பெண் விடுதிக்கு ரெலிபோன் எடுத்தாள். சொந்தக்காரர் யார் என்று கேட்டாள். மனேஜர் இரஞ்சிதத்தைக் காட்டினார். இரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பெண் நல்லவள், பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். பெண்சாதி எழும்பும்வரை உடலைக் குளிரறையில் ஒரு கிழமை, பத்து நாள் கூட வைத்திருக்கலாம். அவசரமென்றால், அரசாங்கச் செலவில் புதைக்கலாம். அதற்குப் பொதுக்குழி. நாலைந்து பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள், கல் வைக்கமாட்டார்கள். அல்லது எரிக்கலாம்.

பொதுக்குழி என்றதும் இரஞ்சிதம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். கண்டவன் நிண்டவனோடு ஒரு கிடங்கில், பெயர் இல்லாமல், நெருப்பும் காணாமல். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அநாதைப் பிணத்தைத்தான் அப்படிச் செய்வார்கள்.

வீட்டில் புருஷன் ஜெயரட்ணத்திடம் சொன்னாள். அவர் கார்த் தொழிற்சாலையில் படம் வரைகிறவர். கோடு கீறுவதற்கு முன்னர் மூன்று தரம் அளக்கிற மனிதர்.

"அந்தப் பெட்டை எழும்பட்டும், இரஞ்சி. ஒரு கிழமை பொறுத்தால் என்ன குடியா முழுகிப்போகும்?"

"பிணத்தை ஐஸ் பெட்டிக்குள்ள கிடத்தி வைக்கிறது பாவம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அந்த ஆத்மா எவ்வளவு அந்தரிக்கும்."

"அவையின்ர முறை என்னெண்டு உமக்குத் தெரியுமோ?"

"செத்தவனுக்கு என்ன முறை? எரிக்கிறதுதான் முறை. அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லாத நேரத்தில இந்தப் பாரத்தையும் அதின்ர தலையில போடச் சொல்லுறியளோ?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் கடைசியில் வாயை மூடுகிறவர் அவர்தான்.

இரஞ்சிதம் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மெல்பேர்ணில் அப்போது கிரியை செய்ய ஐயர் இல்லை. ஜெயரட்ணம் வேட்டி கட்டி அதன்மேல் ஓவர்கோட் போட்டுக்கொண்டு, மயானத்துச் சிற்றாலயத்தில் நின்று தேவாரம் படித்தார். இரஞ்சிதம் வாய்க்கரிசி போட்டாள். மூன்றாம் நாள் சாம்பல் பெட்டியை வாங்கிக்கொண்டு மோர்டியலொக் கடற்கரைக்குப் போனார்கள். கீரிமலைக் கடலில் தன் தகப்பனுக்குச் செய்தது போலவே பாலும் பூவும் விட்டு, கடலுக்குள் நீளுகிற மரப்பாலத்தின் நுனியில் நின்று, ஒரு துகள் மிஞ்சாமல் கரைத்தார்கள். பெட்டியையும் கழுவிவிட்டாள். திரும்பி வரும்போது மனசு நிறைந்திருந்தது. யாரோ பெற்ற பிள்ளைக்குத் தன் வீட்டுப் பிள்ளை போல் கடன் தீர்த்த புண்ணியம்.

ஹபியா கண் விழித்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் தோன் செத்ததைச் சொன்னார்கள். அவள் கத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மறுநாள் இரஞ்சிதம் சூப்போடு போனபோது எழும்பி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை அவிழ்த்து முகத்தின்மேல் விட்டிருந்தாள்.

"அக்கா, அவன் எங்கே? நான் சோறு கொண்டுபோக வேண்டும்."

இரஞ்சிதம் கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எரித்ததை, தேவாரத்தை, பாலை, பூவை. ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

"கடலிலா?" என்றாள் ஹபியா.

"ஓம். அமைதியான கடல். அலை இல்லை."

"எல்லாவற்றையுமா?"

"ஒரு துகளும் மிச்சம் விடவில்லை, பிள்ளை."

ஹபியா தன் கையை இழுத்துக்கொண்டாள். "அவனிடம் கேட்டாயா?" என்று கேட்டாள். இரஞ்சிதம் சூப்புக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நடந்தது என்ன என்று அவளுக்கு விளங்க மேலும் இரண்டு கிழமை எடுத்தது. ஹபியா குசினிப் பின்வாசலில் வந்து ஒரு கோப்பைச் சோறு கேட்பாள். அதைத் துணியில் கட்டிக்கொண்டு மோர்டியலொக்குக்குப் பஸ் ஏறுவாள். மழையோ காற்றோ, பாலத்தின் நுனியில் போய் நின்று, சோற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் இருந்து அழுதுவிட்டு வருவாள். தூண்டில் போடுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இடம் விட்டார்கள். தலை வாருவதில்லை. இறைச்சி தொடுவதில்லை. விடுதியில் யாருடைய பிறந்தநாளுக்கும் மண்டபத்துக்குள் வருவதில்லை. காய்ச்சல் முற்றாய் விடாத உடம்பு, அந்தக் குளிர்காற்றில் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனது. ஒருநாள் இரஞ்சிதம் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"விடும்வரைக்கும்" என்றாள் ஹபியா. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "எங்களில் ஒருவன் செத்தால் உடனே போய்விடமாட்டான், அக்கா. குழியில் இருப்பான். பசிக்கும், குளிரும், தனிமையாய் இருக்கும். பெண்சாதி தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். குழியைக் கூட்டுவாள், பேசுவாள். ஒரு வருசம், மூன்று வருசம். பிறகு ஒருநாள் குழியைக் கைவிடுவோம். அது பெரிய விழா. குழிமேல் வீடு கட்டி, கன்னத்தில் கை வைத்து அழுகிற மரப் பொம்மைகள் செதுக்கிச் சுற்றி நட்டு, எருமை வெட்டி, சாடியில் கள் ஊற்றி, மணித்தட்டு அடித்து ஆடுவோம். இனி நீ உன் வழி, நாங்கள் எங்கள் வழி என்று சொல்லிவிடுவோம். அன்றைக்கு அவனுடைய குலத்துப் பெண் வந்து என்னைக் குளிக்கவார்த்துத் தலை சீவிவிடுவாள். அதற்குப் பிறகு நான் அவன் பெண்சாதி இல்லை. அந்தக் குழிப் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது. பார்த்தால் குற்றம். காடு அதை மூடிவிடும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் செத்தவன் பெண்சாதி. சிரிக்கக்கூடாது, ஆடக்கூடாது, ஆண் ஒருவனைப் பார்க்கக்கூடாது." கடலைக் காட்டினாள். "கைவிடுவதற்கு ஒரு குழி வேண்டும், அக்கா. இதை எப்படிக் கைவிடுவது?"

பொதுக்குழியில் போடப் பார்த்தார்கள், அது பொறுக்காமல்தான் எரித்தேன் என்று இரஞ்சிதம் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"பொதுக்குழி என்றால்?"

"நாலைந்து பேரை ஒரே குழியில்."

ஹபியா முதல் தடவையாக முகத்தில் விழுந்த முடியை விலக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். "எங்கள் ஊரில் அப்படித்தான். ஒரு குலத்துக்கு ஒரு குழி. செத்தவரையெல்லாம் அதற்குள்தான் இறக்குவோம். இங்கே அந்நியர்தான். ஆனாலும் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்திருக்கும்."

அன்றைக்கு இரவு இரஞ்சிதம் சாப்பிடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று சனம் இலேசாகச் சொல்லிவிடும். பிடித்தவள் படுகிற பாட்டை யாரும் சொல்லுவதில்லை.

ஐப்பசி மாதத்தில் சிட்னியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோனுடைய தங்கச்சி ஹலூன் மலேசிய முகாமிலிருந்து வந்து, மெரிலேண்ட்ஸில் ஒரு வீட்டில் இருக்கிறாள். அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. வருகிறேன், குழியைக் காட்டு, என்று எழுதியிருந்தாள். கடிதத்தை வாசித்துவிட்டு ஹபியா பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த நாட்டில் அவளை விடுவிக்கக்கூடிய ஒரே குலத்துப் பெண் அந்த ஹலூன்தான். காட்டுவதற்குக் குழி இல்லை என்றால் அவளால் விடுவிக்க முடியாது. அண்ணனுடைய எலும்பைத் தொலைத்தவள் என்று பழி வேறு விழும்.

"நான் தொலைத்தேன் என்று நானே சொல்லுகிறேன்" என்றாள் இரஞ்சிதம்.

"நீ வேறு சனம். உன்னை என்ன செய்வது? பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் நான். நித்திரையாகக் கிடந்துவிட்டேன்."

காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததைத்தான் அப்படிச் சொன்னாள். அந்தச் சொல்தான் இரஞ்சிதத்தைப் பிடித்துத் தள்ளியது. எதை எடுத்தும் ஒரு வழி பண்ணுகிற ஆள் அல்லவா. பண்ணினாள்.

இரஞ்சிதம் பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் அறியாதவள். குசினியில் கூட இறைச்சி வெட்டுகிற பக்கம் போகமாட்டாள். அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு, குப்பை வாளியிலிருந்து எலும்புகளைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பின்வளவில் குப்பை எரிக்கிற செங்கல் உலையில் விறகோடு போட்டு எரித்தாள். மயானத்தில் வாங்கிய சாம்பல் எப்படி இருந்ததென்று அவளுக்கு நினைவிருந்தது, வெள்ளையும் சாம்பலுமாய், மணல் போல. ஆறியபின் ஜெயரட்ணத்தின் சுத்தியலால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடித்தாள். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இடித்தாள். விறகுச் சாம்பலையும் கலந்து ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடிவிட்டு, மூன்று தரம் தலைமுழுகினாள்.

மறுநாள் ஹபியாவிடம் கொடுத்தாள். "நான் உனக்குப் பொய் சொல்லிப்போட்டேன், பிள்ளை. ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தேன். பயத்தில் சொல்லவில்லை."

ஹபியா ரின்னை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாலு மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று வந்து நின்றது. திறந்து பார்க்கவில்லை. குனிந்து மூடிக்கு மேலே வாயை வைத்து, தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு இரஞ்சிதத்தின் தோளில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். சொன்ன பொய்யை விட அந்த அழுகையைத் தாங்குவதுதான் இரஞ்சிதத்துக்குக் கடினமாக இருந்தது.

மார்கழி தொடக்கத்தில் இருவரும் சிட்னிக்குப் பஸ்ஸில் போனார்கள். மெரிலேண்ட்ஸில் தகர வேலி போட்ட சின்ன வீடு. ஹலூன் முப்பது வயது மதிக்கத்தக்க, எலும்பும் தோலுமான பெண். முகாமில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் என்று ஹபியா வழியில் சொல்லியிருந்தாள். வாசலிலேயே ரின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனைத் தாலாட்டுவது போல் ஆடி ஆடி ஒப்பாரி வைத்தாள். பாஷை தெரியாவிட்டாலும் ஒப்பாரி தெரிந்தது. இரஞ்சிதமும் அழுதாள்.

ஒரு வருசம் காத்திருக்க ஹலூன் சம்மதிக்கவில்லை. குலத்தில் இங்கே தான் ஒருத்திதான் மிச்சம், நாளைக்கு யார் இருப்போம் யார் இல்லை என்று தெரியாது, நாளைக்கே கைவிடுவோம் என்றாள். பின்வளவில் எலுமிச்சை மரத்துக்கு அப்பால் முழங்கை ஆழத்தில் ஒரு குழி வெட்டினார்கள். பழக்கடைப் பெட்டிப் பலகையில் குழிமேல் வைக்க வீடு. வேலிக் கட்டை இரண்டைக் குசினிக் கத்தியால் செதுக்கி, கன்னத்தில் கை வைத்த இரண்டு பொம்மை. எருமைக்குப் பதில் கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டுத் தொடை. கள்ளுச் சாடிக்குப் பதில் பிளாஸ்ரிக் வாளியில் வைனும் தண்ணீரும், உறிஞ்ச ரப்பர்க் குழாய். மணித்தட்டுக்கு அலுமினியச் சட்டி மூடி. பார்க்கச் சிரிப்பு வருகிற சாமான்தான் எல்லாம். ஒருவரும் சிரிக்கவில்லை.

குழியில் இடுவது பெண்சாதியின் வேலை. ஹபியா மண்ணில் முழங்காலிட்டு ரின்னைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் ஏந்திக் குழிக்குள் விட்டாள். நாலாவது பிடியில் கை நின்றது. உள்ளங்கையில் நெல்லிக்காயளவில் ஒரு உருண்டை எலும்பு. இரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடித்ததில் உடையாமல் தப்பிய மூட்டுத் துண்டு. மாமிசம் தின்னாதவளுக்கு அது எலும்பு, அவ்வளவுதான். ஆட்டையும் மாட்டையும் அறுத்துப் பங்கு போட்டு வளர்ந்தவளுக்கு, ஆஸ்பத்திரியில் மனிதக் காலைக் கழுவிக் கட்டியவளுக்கு, அது ஆட்டு முழங்கால்.

ஹபியா தலையைத் தூக்கி இரஞ்சிதத்தைப் பார்த்தாள். இரஞ்சிதத்தின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பக்கத்தில் ஹலூன் கண்ணை மூடிக்கொண்டு சட்டி மூடியைத் தட்டித் தட்டி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹபியா விரலை மடக்கி, அந்தத் துண்டைக் குழிக்குள் போட்டாள். மிச்சச் சாம்பலையும் கொட்டினாள். மண்ணைத் தள்ளி மூடினாள். மூன்று பேரும் சோறும் இறைச்சியும் தின்றார்கள், இரஞ்சிதம் சோறு மட்டும். தோன் வழிக்குக் கொண்டுபோகவென்று ஒரு கோப்பையை உடைத்துக் குழிமேல் வைத்தார்கள். ஹலூன் ஏதோ உரக்கச் சொன்னாள். "நீ உன் வழி, நாங்கள் எங்கள் வழி என்று சொல்லுகிறாள்" என்று ஹபியா தரையைப் பார்த்தபடி இங்கிலீஷில் சொன்னாள். பிறகு ஹலூன் வாளியில் தண்ணீர் அள்ளி அவளுடைய தலையில் ஊற்றினாள். ஐந்து மாதச் சிக்கை உட்கார்ந்திருந்து எடுத்தாள். வாரி முடித்து, புதுச் சட்டை போட்டுவிட்டு, முகத்தைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தன் குலத்துக் கடமை முடிந்த நிம்மதியில் அன்றைக்குத்தான் அந்த மனிசி சிரித்தாள்.

மறுநாள் காலை ஹபியா பஸ் நிலையம்வரை வந்தாள். மெல்பேர்ணுக்குத் திரும்பப் போவதில்லை, ஹலூனோடு இருக்கப் போகிறாள். வாரிய தலையோடு அவள் இன்னும் இளம்பெண்ணாகத் தெரிந்தாள்.

"நீ ஏன் அந்த நேரமே சொல்லவில்லை?" என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"ஹலூனுக்கு அண்ணன் கிடைத்திருந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடமிருந்து அவனையும் பறிக்கச் சொல்லுகிறாயா?" ஹபியா வாரிய தலையைத் தொட்டுப் பார்த்தாள். "அது மட்டும் இல்லை. எனக்கு வாழ ஆசை, அக்கா. அந்தப் பாலத்தில் நின்று சாக எனக்கு விருப்பம் இல்லை. எலும்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது அவன் இல்லை என்று. தெரிந்துகொண்டுதான் மண்ணைத் தள்ளினேன். அவனை விடாமலே விட்டுவிட்டேன்."

"நான் செய்த பாவம். உன்னுடையது இல்லை."

"இருவருடையதும்தான்." அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பொல்லாதது. "அவன் குலம் பார்க்க நான் விடுதலை வாங்கிவிட்டேன். இனிமேல் நான் சோறு கொண்டுபோனால் குற்றம். போக முடியாது. ஆனால் அவன் அங்கேயேதான் இருக்கிறான். அவனை ஒருவரும் கைவிடவில்லை. அவனுக்குப் பசிக்கும். நீ போ."

"நானா?"

"நீதானே அங்கே கொண்டுபோய் வைத்தாய்."

பஸ்காரன் கதவைத் திறந்துவிட்டான். ஹபியா அவசரமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்புப் போடாத சோறு. பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சாப்பிடு என்று சொல். போ என்று மட்டும் சொல்லாதே, போவதற்கு அவனுக்கு வழி திறக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

"விடுவிக்கிற ஆள் வரும்வரைக்கும்."

"அது ஆர்?" பதட்டத்தில் தமிழில் கேட்டுவிட்டாள். ஹபியாவுக்கு விளங்கியது. ஒருவரும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தடை என்பது இரஞ்சிதத்துக்குத் தெரியும்.

இரஞ்சிதம் திரும்பி வந்த அடுத்த நாளே குசினி வேலை முடிய மோர்டியலொக்குக்குப் பஸ் ஏறினாள். கோடைகாலம், பாலம் முழுக்கச் சனம், பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நின்று, துணியை அவிழ்த்து, சோற்றைத் தண்ணீரில் போட்டாள். "தோன், சாப்பிடு" என்றாள். தமிழில்தான் வந்தது. அவனுடைய பாஷையில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

இரண்டு கிழமையில் ஜெயரட்ணம் கண்டுபிடித்துவிட்டார். அவளும் ஒளிக்காமல் ஆட்டெலும்புவரை முழுக்கச் சொன்னாள்.

"நான் உயிரோட இஞ்ச கதிரையில இருக்கிறன்" என்றார் அவர். "என்னை வச்சுக்கொண்டு, நெத்தியில பொட்டோட போய், இன்னொருத்தன்ர பெண்சாதி செய்யவேண்டியதை நீர் செய்யிறீர். அது எனக்கு ஆகுமோ? உமக்குத்தான் ஆகுமோ?"

"ஆகாது" என்றாள் இரஞ்சிதம்.

"பிறகேன் போறீர்?"

"ஒரு கிழமை பொறும் எண்டு நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள். நான் பொறுக்கேல்லை."

அன்றிலிருந்து அவள் வெளிக்கிடும் நேரத்தில் அவர் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுவார், அவள் படியிறங்குவதைப் பார்க்க வேண்டாமென்று. செத்தவனுக்குப் பசிக்காது என்று அவளுக்குத் தெரியும். சைவப்பழமாய் வளர்ந்தவள், ஆத்மா எங்கே போகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் தை மாதம் காய்ச்சலில் கிடந்து ஒருநாள் போகத் தவறியபோது, அவர் கரைத்துக் கொடுத்த கஞ்சி அவளுக்குத் தொண்டையால் இறங்கவில்லை.